சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்

மகளை டே கேரில் விடுவது என்று முடிவானதும் எல்லாரும் எனக்குச் சொன்ன யோசனை ஒன்றுதான்: "விளையாட்டுக் காட்டிட்டு, அவ பார்க்காத நேரமா நழுவி வந்துரு." மாமியார் சொன்னார், எதிர்வீட்டு அக்கா சொன்னார், ஆபீசில் பிள்ளை வளர்த்த எல்லாரும் சொன்னார்கள். நான் அதை மட்டும் செய்யவில்லை. எவ்வளவு அழுதாலும் அவள் முகத்தைப் பார்த்து "அம்மா போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். இப்போது அதே நிலையில் நிற்கிற அம்மா அப்பாக்களுக்காக, நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மதுரை கே.கே.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடமாக இருந்தால், 2017-இல் வந்த மகப்பேறுச் சட்டத் திருத்தத்திலிருந்தே குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும். அம்மா ஒரு நாளில் 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். எங்கள் ஆபீசில் அதில் பாதிப்பேர்கூட இல்லை. உசிலம்பட்டியிலிருந்து மாமியார் வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அவருக்கு மூட்டுவலி அதிகமாகி, ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடிக்க முடியாமல் போனபோது மகளுக்கு ஒன்றரை வயது. அங்கன்வாடிக்கு அனுப்ப இன்னும் வயது வரவில்லை. வந்திருந்தாலும் என் வேலை நேரத்துக்கு அது ஒத்துவராது.

தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை டாக்டரிடம் கேட்டேன். அம்மாவைப் பிரிய மாட்டேன் என்கிற இந்தப் பயம் 8 மாதம் வாக்கில் தொடங்கும், ஒன்று ஒன்றரை வயதில் உச்சத்தில் இருக்கும், 3 வயதுக்குள் மெல்லத் தணியும் என்றார். அதாவது, நாங்கள் விடப்போவது சரியாக அந்த உச்சத்தில். அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று அந்த வயதில் தெரியும், எப்போது வருவாள் என்று கணக்குப் போடத்தான் தெரியாது என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பதிந்தது. கணக்குத் தெரியாத பிள்ளையிடம் சொல்லாமல் போய்விட்டால், தலையைத் திருப்பினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்றுதானே அது புரிந்துகொள்ளும்? அப்புறம் அது எப்படி நம்மை விட்டு நகர்ந்து விளையாடும்?

முதலில் சேர்த்த இடம் சரியில்லை. கேட்டைத் தாண்டிப் பெற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் மாலை சற்று முன்னதாகப் போனபோது, அழுதுகொண்டிருந்த வேறொரு பையனிடம் அங்கிருந்தவர் "அழுதா உங்கம்மா வரவே மாட்டாங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. அன்றோடு நிறுத்திவிட்டோம். அடிப்பதைவிட மோசமான சொல் அது என்றே இன்றும் நினைக்கிறேன். பிள்ளையின் அடிமனசில் இருக்கிற பயமே அதுதான்; அதை எடுத்து அதையே மிரட்டலாக்கினால் அந்தக் குழந்தை யாரிடம் போகும்?

இரண்டாவதாகப் பார்த்தது அண்ணாநகரில் ஒரு வீட்டில் நடத்துகிற டே கேர். "முதல் வாரம் நானும் கூட உட்காரலாமா?" என்று கேட்டதும் பாய் எடுத்துப் போட்டார்கள். இடம் தேடுகிறவர்கள் பொம்மையையும் ஏசியையும் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

முதலில் நான் கூடவே இருந்தேன். அவள் என் மடியிலிருந்து இறங்கி, எதையாவது எடுத்துக்கொண்டு திரும்ப வருவாள். நானாக எதையும் காட்டி இழுக்கவில்லை. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு அக்கா மட்டும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருப்பார். நான் அவரோடு சிரித்துப் பேசுவதை இவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். பிறகு "அம்மா கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் வந்தேன். அந்த நேரத்தை மெல்லக் கூட்டினோம். மதியச் சாப்பாடுவரை, பிறகு தூக்கம்வரை, கடைசியில் முழு நாள். இதற்காக அரை நாள் லீவுகளை எல்லாம் செலவழித்தேன். முடிகிறவர்கள் கட்டாயம் செலவழியுங்கள்.

முழு நாள் தொடங்கியதும் அழுகை பலமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. வாசலில் சொல்கிற சொல்லை மாற்றவே மாட்டேன்: "அம்மா ஆபீசுக்குப் போறேன். நீ சோறு சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு, பால் குடிச்சதும் அம்மா வந்துருவேன்." மணி ஐந்தரை என்றால் அவளுக்கு ஒன்றும் புரியாது, பால் குடிப்பது புரியும். சொல்லி முடித்ததும் அந்த அக்கா கையில் நானே கொடுத்துவிடுவேன். அவர் என்னிடமிருந்து பிடுங்கியதே இல்லை. கொடுத்தபின் திரும்ப வாங்குவதோ, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோ கிடையாது. வாசலில் நிற்கிற நேரம் நீள நீள அழுகையும் நீளும். வண்டியில் மேலமடை தாண்டும்வரை எனக்கும் கண் நிற்காது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்துவிடும், அழுகை நின்று எதையோ நோண்டிக்கொண்டிருப்பாள். அந்த ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

தூக்கம்தான் பெரிய பாடு. வீட்டில் அவள் தூங்கியது என் பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தொட்டிலில். டே கேரில் எல்லாருக்கும் பாய். அதனால் வீட்டிலும் பகல் தூக்கத்தை அவர்கள் நேரத்துக்கே மாற்றி, பாயில் படுக்க வைத்துப் பழக்கினோம். அந்தச் சேலையிலேயே ஒரு துண்டைக் கிழித்து ஓரம் தைத்துப் பையில் வைத்துவிட்டேன். அதை அடிக்கடி துவைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். அம்மா வாசம் அதில்தான் இருக்கிறது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தபின் மற்றதெல்லாம் எளிதானது.

மாலையில் நடந்ததைப் பற்றி யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. நாளெல்லாம் நன்றாக இருந்தவள், என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழுவாள். வீட்டுக்கு வந்தும் தொட்டதற்கெல்லாம் அடம். "பிள்ளை ஏங்கிப்போச்சு, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று மாமியார் கலங்கிப்போய், கோரிப்பாளையம் தர்காவுக்குத் தூக்கிப்போய் மந்திரித்து வந்தார். அவர் மனசுக்கு அது வேண்டியிருந்தது, நானும் கூடப் போனேன். ஆனால் அந்த அழுகை கெட்ட சேதி இல்லை. பகலெல்லாம் அடக்கி வைத்ததை, அடக்க வேண்டாத ஆளிடம் வந்து கொட்டுகிறாள், அவ்வளவுதான். அதனால் வந்ததும் சமையல்கட்டுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். சோற்றை என் கணவர் வைத்துவிடுவார்.

அவர் கொண்டுபோய் விடுகிற நாட்களில் வாசலில் அழுகை குறைவாகவே இருந்தது. வருத்தப்பட நேரமில்லை, காலையில் அவர், மாலையில் நான் என்று பிரித்துக்கொண்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது சித்திரைத் திருவிழா வந்தது. சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் கூடி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்து, ஆளாளுக்கு அவளைத் தோளில் தூக்கித் திரிந்தார்கள். லீவு முடிந்து திரும்பப் போனால் முதல் நாள் மாதிரியே அழுகை. காய்ச்சல் வந்து சில நாள் வீட்டில் இருந்தாலும் இதேதான். திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்குமோ என்று பயந்தோம். இல்லை, இந்த முறை சீக்கிரமே அடங்கியது. அதே சொல், அதே துணி, அதே அக்கா.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். வாரக்கணக்காகியும் சாப்பாடும் தூக்கமும் கூடிவராவிட்டால், அல்லது அங்கே இருக்கிற ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தாலே பிள்ளை மிரண்டால், அதைப் பிரிவு அழுகை என்று தள்ளிவிட வேண்டாம். சொல்லாமல் ஒரு மதியம் போய்ப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இப்போது அவளுக்கு இரண்டரை வயது தாண்டிவிட்டது. திங்கட்கிழமைகளில் இன்னமும் கொஞ்சம் சிணுங்குவாள். ஜூனில் ப்ரீ கேஜி. பள்ளி திறந்ததும் முதல் சில நாள் வகுப்பில் கூட உட்கார விடுவீர்களா என்று கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்றால் வேறு பள்ளி பார்ப்பதென்று நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம்.