பழைய எண், புதிய எண்: மில்வாக்கியில் மூலப்பத்திரம் தேடிய கதை

மூன்று அரைநாள் லீவு, பார்க்கிங்குக்கு மட்டும் நாற்பது டாலருக்கு மேல். இத்தனையும் ஒரு செங்கல் கட்டடம் நூறு வருஷத்துக்கு முன்னால் யார் பெயரில் இருந்தது என்று தெரிந்துகொள்ள.

அமெரிக்காவில் மில்வாக்கி நகர டவுன்டவுனில் ஒரு மூலைக் கட்டடத்தை நானும் நண்பரும் லீசுக்கு எடுத்திருக்கிறோம். கீழே டிபன் கடை போட யோசனை. நகரத்தின் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால் முகப்பில் கை வைக்க அனுமதி வேண்டும். அதற்குக் கட்டடத்தின் பூர்வீகம் தெரிந்தால் நல்லது என்றார்கள். "பாப்ஸ்ட் கட்டியது" என்றார் உரிமையாளர். ஆதாரம் கேட்டால் சிரிப்புதான் பதில்.

அவர் சொன்னது நம்பக்கூடியதுதான். பாப்ஸ்ட் என்பது 1844இல் ஜேக்கப் பெஸ்ட் தொடங்கிய பியர் ஆலை. நீராவிக் கப்பல் கேப்டனாக இருந்த ஃபிரடெரிக் பாப்ஸ்ட் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்து, 1889இல் ஆலைக்கே தன் பெயரை வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஆலைகளே மூலை மனைகளாகப் பார்த்து வாங்கி சலூன் கட்டும். நமக்கு சலூன் என்றால் முடிவெட்டும் கடை, இது மதுக்கடை. எங்கள் பியரைத் தவிர வேறு எதையும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அதை வாடகைக்கு விடுவார்கள். டவுன்டவுனில் பாப்ஸ்ட் பெயரில் 14 மாடிக் கட்டடமே ஒன்று 1892இல் எழும்பியது. 1981இல் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

சரி, பத்திரத்தைப் பார்த்துவிடலாம் என்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். முதல் நாள் முழுக்க வீண். கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளை விரலால் காட்டினார்: முகவரியை வைத்துத் தேட முடியாது, லாட் எண்ணும் (மனை எண்) பிளாக் எண்ணும் (மனைத் தொகுதி எண்) வேண்டும். நம் ஊரில் சர்வே எண் இல்லாமல் வில்லங்கம் போடப் போனால் என்ன ஆகும்? அதே கதை. இதை போனில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். சொத்துவரி ரசீதிலேயே இரண்டும் இருக்கிறது. கிளம்பும் முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நகர டைரக்டரி, எந்த முகவரியில் யார் இருந்தார் என்று சொல்லும் புத்தகம். 1905ஆம் வருஷத்துப் புத்தகத்தில் எங்கள் கதவிலக்கத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். ஆஹா என்று இரண்டு மணி நேரம் அவர் பின்னாலேயே அலைந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 1930-31 வாக்கில் மில்வாக்கி ஊர் முழுக்கக் கதவிலக்கத்தை மாற்றியிருக்கிறது! சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைப்பார்களே, அந்தப் புண்ணியம் இங்கே இல்லை. தெருப்பெயரும் அப்படித்தான்: இன்றைய விஸ்கான்சின் அவென்யூவின் மேற்குப் பாதி அன்று கிராண்ட் அவென்யூ, பிளாங்கின்டன் அவென்யூ அன்று வெஸ்ட் வாட்டர் தெரு. பாவம் அந்தத் தையல்காரர், அவர் வேறு எங்கேயோ துணி தைத்துக்கொண்டிருந்தவர்.

ஆகவே முகவரியை விட்டுவிட்டு வரைபடத்தைப் பிடியுங்கள். தீக்காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் போட்ட வரைபடங்கள் 1894, 1910 இரண்டு வருஷத்துக்கும் இருக்கின்றன. இதிலும் நான் ஒருமுறை ஏமாந்தேன். முதலில் பார்த்தது மைக்ரோஃபிலிம் பிரதி, கறுப்பு வெள்ளை. இந்த வரைபடத்தின் உயிரே நிறத்தில்தான்: செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். வண்ணப் பிரதி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வண்ணத்தில் பார்த்தபோது எங்கள் மூலையில் இளஞ்சிவப்புக் கட்டம், பின்னால் ஒட்டினாற்போல் சின்ன மஞ்சள் கொட்டகை, கட்டத்துக்குள் சலூன் என்பதன் முதல் மூன்று எழுத்து. கட்டடம் மாறினால் புதுத்துண்டு வெட்டி மேலேயே ஒட்டிவிடுவது அன்று அவர்கள் வழக்கம். தாளைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பு தெரியும். எங்கள் கொட்டகை அப்படி ஒட்டிய துண்டு.

மூன்றாவது நாள் லாட் எண்ணோடு போனேன், அரை மணியில் பத்திரம் கையில். கிரயம் வாங்கியவர் பெயரைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாப்ஸ்ட் இல்லை, ஷ்லிட்ஸ்! பாப்ஸ்டின் பரம எதிரியான இன்னொரு பியர் ஆலை. மதுவிலக்கு வந்த பிறகு கைமாற்றி விட்டிருக்கிறார்கள்.

ஷ்லிட்ஸ் தன் சலூன்களின் உச்சியில் உலக உருண்டை ஒன்றை வைப்பது அன்று வழக்கம். அன்று மாலையே நண்பரை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். மூலைக் கைப்பிடிச் சுவரில் துருப்பிடித்த இரும்புத் தண்டு ஒன்று அரையடிக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய டிவி ஆன்டெனா என்று நினைத்து, போன மாதம்தான் அறுத்துப்போட ஆள் தேடிக்கொண்டிருந்தோம். உருண்டை நின்ற தண்டு அதுதானா என்று யாராவது கொத்தனார் வந்து பார்க்கட்டும்.

விண்ணப்பத்தைக் கொடுத்தாயிற்று. உரிமையாளரிடமும் பத்திர நகலைக் காட்டினேன். நேற்று யாருக்கோ கட்டடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாப்ஸ்ட் கட்டியது" என்று சொன்னது மாடிப்படி வரைக்கும் கேட்டது.