78,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார்

மாமாவின் காரை என் பெயருக்கு மாற்றி முடிக்க இரண்டு வாரங்கள் பிடித்தன. அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மனத்தில் அச்சமில்லாமல் ஈப்போ வரை போய்வரும் நிலைக்கு அதைக் கொண்டுவர மேலும் நான்கு மாதங்கள் பிடித்தன. பழைய குடும்பக் காரை, குறிப்பாக உறவினரிடமிருந்து, வாங்க எண்ணுபவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கும் என் தாய்மாமா 2013ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய கார் அது. கேம்ரி, அக்கார்ட் ஆகியவற்றின் வகையைச் சேர்ந்த 1998 சிசி செடான். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2024இல் அவர் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். என்னிடமோ 1.3 லிட்டர் சிறிய கார்தான் இருந்தது. மூட்டு வலியுள்ள அம்மா அதில் ஏறி இறங்கப் படும் பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்காது. மாமா காரைச் சந்தைக்கும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் மட்டுமே எடுப்பார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினொரு ஆண்டுகளில் 78,000 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு ஏழாயிரம் சொச்சம்தான். இதைவிட நல்ல கார் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்பினேன். பராமரிப்புப் பதிவு இருக்கிறதா என்று அவரிடம் கேட்கவில்லை. பெரியவரிடம், அதுவும் சந்தை விலைக்குக் குறைத்துக் கொடுக்கும் தாய்மாமனிடம், அப்படிக் கேட்பது அவரைச் சந்தேகிப்பது போலாகிவிடும் என்ற தயக்கம் எனக்கு இருந்தது.

பெயர் மாற்றத்துக்கு முதலில் வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமில் காரைக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே சேசி எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்ட் எனப்படும் வாகனப் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுடன் கண்ணாடிச் சாயத்தையும் கருவி வைத்து அளக்கிறார்கள். முன் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். பின்புறக் கண்ணாடிகளுக்கு 2019 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்கள் காரின் முன்பக்கக் கதவுகளில் பல ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய கறுப்புத் தாள் 38 விழுக்காட்டைத்தான் காட்டியதால் அன்று தேர்ச்சி கிடைக்கவில்லை. அந்தத் தாளை உரித்துவிட்டு மறுவாரம் சென்றபோது காரியம் எளிதாக முடிந்தது. மாமாவின் பெயரில் நிலுவையில் இருந்த போக்குவரத்து அபராதச் சம்மன் ஒன்றையும் செலுத்தினோம். காப்புறுதியை என் பெயரில் எடுத்துக்கொண்டு, இருவரும் அடையாள அட்டையுடன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் முகப்புக்குப் போய்ப் பெருவிரல் ரேகை வைத்து, 100 ரிங்கிட் கட்டணத்தையும் செலுத்திய பிறகு கார் என்னுடையதாயிற்று.

காப்புறுதியில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கோரிக்கை இல்லாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் என்சிடி கழிவு காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. மாமாவின் 55 விழுக்காடு எனக்கு வராது. பழைய காரில் நான் சேர்த்து வைத்திருந்த என் 55 விழுக்காட்டை, அந்தக் காரை விற்ற பிறகு, இதற்கு மாற்றிக்கொண்டேன். வெள்ளப் பாதுகாப்பையும் தனியாகச் சேர்த்தேன். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் பெய்த மழையில், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டுக்காரரின் கார் இருக்கை உயரத்துக்கு மூழ்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். சாதாரண காப்புறுதி அதற்கு ஈடு தராது என்பதை அவர் மறுநாள்தான் அறிந்தார். சாலை வரி கணிசமாகக் கூடியது. 1.3 லிட்டர் காருக்கு 70 ரிங்கிட் கட்டி வந்தேன். 1800 சிசியைத் தாண்டினால் அடிப்படை 280 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென் என்ற கணக்கில் இந்தக் காருக்கு 379 ரிங்கிட்.

மூன்றாவது வாரம், மாலை ஆறு மணி நெரிசலில் ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் நகர்ந்துகொண்டிருந்தபோது, வெப்பமானியின் முள் நடுக்கோட்டை விட்டு மேலேறியது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தார்கள். ஏர்கோனை நிறுத்தி, முதலில் கிடைத்த பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தேன். முன்மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சேமிப்புப் புட்டியில் அளவு சரியாகவே இருந்தது. இரண்டு வாரங்களாகத் தினமும் காலையில் நான் பார்த்து வந்ததும் அந்தப் புட்டியைத்தான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. இழுவை வண்டியை வரவழைத்து, ஜெலுத்தோங்கில் எங்களுக்கு நெடுநாள் பழக்கமான பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் காலை, எஞ்சின் முழுதும் ஆறியிருந்தபோது, பட்டறை அண்ணன் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே கழுத்துக்குக் கீழே மூன்று விரற்கடை வரை வெறுமையாக இருந்தது. எஞ்சின் சூடாகும்போது கூலண்ட் விரிந்து புட்டிக்குப் போகிறது. ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். எங்கோ ஒரு கசிவு இருந்தாலோ மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, கூலண்டுக்குப் பதிலாக வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது புட்டி நிறைந்தே இருக்கும், ரேடியேட்டரோ வற்றிக்கொண்டே போகும். புட்டியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வாரம் ஒரு முறையாவது, காலையில் காரை எடுப்பதற்கு முன், ஆறிய நிலையில் ரேடியேட்டரையே திறந்து பார்ப்பது நல்லது.

மூடியின் மேல் 1.1 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. 1.1 பார் என்ற அளவு அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் உள்ளிருக்கும் நீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை தாங்குகிறது. அழுத்தம் கசிந்தால் அந்தத் தாங்கும் வலிமையும் போய்விடுகிறது. அண்ணன் கைப்பம்பு ஒன்றை ரேடியேட்டரின் வாயில் பொருத்தி அதே அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். ஐந்து நிமிடத்தில் முள் 0.8க்கு இறங்கியது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. கைவிளக்கை அடித்துத் தேடியபோது, ரேடியேட்டரின் மேல்தொட்டியும் அலுமினியத் தகடுகளும் சேரும் விளிம்பில் முடியளவு விரிசலும், அதைச் சுற்றிக் காய்ந்த உப்பு போல வெளிறிய இளஞ்சிவப்புப் படிவும் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே கடுகளவு நீர்த்துளி ஒன்று திரண்டது. ஓடும்போது அந்தச் சூட்டிலேயே கசிவு ஆவியாகிவிடுவதால் கார் நிறுத்துமிடத்தில் ஈரத்தின் சுவடே இருந்ததில்லை.

"தம்பி, ரொம்ப ஓடுனா காடி தேயும், ஓடாம நின்னா காயும்" என்றார் அண்ணன். மேல்தொட்டி பிளாஸ்டிக், பதினொரு ஆண்டுச் சூட்டில் அது முறுகிப்போயிருந்தது. மேல் ரப்பர் குழாயைப் பிசைந்து பார்க்கச் சொன்னார். கவ்வியின் ஓரத்தில் விரல் பட்டதும் வெடிப்புகள் வாய் திறந்தன. வடித்தெடுத்த கூலண்ட் இளஞ்சிவப்பாக இல்லாமல் தேயிலைச் சாயம் போல இருந்தது. அளவு குறையும்போதெல்லாம் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார்கள். ரேடியேட்டர், மூடி, மேல் கீழ்க் குழாய்கள், சூட்டுக்கேற்பக் கூலண்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றி, காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை கழுவி, கையேடு சொல்லும் கூலண்டை நிரப்பினார்கள். வாய் திறந்திருக்க எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களை அமுக்கிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, மின்விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும் வரை அண்ணன் காத்திருந்தார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் உள்ளே காற்று தங்கிவிட்டால் புதிய ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. எல்லாம் சேர்த்து 1,180 ரிங்கிட் ஆயிற்று.

செய்தி கேட்டதும் மாமா பட்டர்வொர்த்துக்கு வந்து ஃபெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பாதிச் செலவைத் தானே தருவதாக வற்புறுத்தினார், நான் வாங்கவில்லை. அவர் கொண்டுவந்திருந்த பழுப்பு உறைதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பதினொரு ஆண்டு ரசீதுகள் அத்தனையும் அதில் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நான் கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பார். அன்றிரவு இருவரும் சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தோம். எஞ்சின் எண்ணெய் ஒரு முறைகூடத் தவறாமல் மாற்றப்பட்டிருந்தது. ஆனால் கூலண்ட், கியர் எண்ணெய், பிரேக் திரவம் ஆகியவற்றுக்கு ஒரு ரசீதுகூட இல்லை. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் "சர்வீஸ் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி வந்ததாகவும், கிலோமீட்டர் ஏறாததால் மற்றவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்றும் மாமா வருத்தத்தோடு சொன்னார்.

அந்த உறையில் இல்லாதவையே என் வேலைப்பட்டியல் ஆயின. கியர் எண்ணெயை ஒரே மூச்சில் அழுத்தி வெளியேற்றாமல், வடித்து நிரப்பும் முறையில் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை மாற்றினோம். ஒரு முறை வடித்தால், எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கியிருக்கும் எண்ணெய் வெளியே வராது. டயர்களில் பள்ளங்களின் ஆழம் இன்னும் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் 1816 என்ற நான்கு இலக்க எண் இருந்தது. 2016ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை என்பது அதன் பொருள். எட்டு ஆண்டு வெயிலில் பக்கச்சுவர் முழுதும் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. நான்கையும் மாற்றினேன். இரண்டு ஆண்டுகளைத் தாண்டியிருந்த பேட்டரியையும், நடுவழியில் நின்றுபோகும் வரை காத்திராமல், மாற்றிவிட்டேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்குப் போனோம். மாமா முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டு, சங்காட் ஜெரிங் ஏற்றத்தில் என்னைவிட அதிக முறை வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே வந்தார். முள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்றது. பிரேக் திரவம் மட்டும் மீதமிருக்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம் என்பதால் ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும் என்கிறார் அண்ணன். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.