பந்துத் தொட்டியில் தரை தட்டும் ஞாயிற்றுக்கிழமை

குழந்தைகள் விளையாடும் சாஃப்ட் ப்ளே கூடங்களின் புகார்ப் புத்தகத்தைப் புரட்டினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரி ஒன்றுதான்: “கொடுத்த காசுக்குப் பிள்ளை விளையாடவே இல்லை.” சென்னையானாலும் கோயம்புத்தூரானாலும் மதுரையானாலும், மாலின் மேல்மாடியில் இருக்கும் இந்தக் கூடங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் ஃபோம் உறை, சுற்றிலும் வலை, இரண்டு மூன்று சறுக்கு, அடியில் பந்துத் தொட்டி, ஓரத்தில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன வேலி. ஏமாற்றமும் அதே அச்சில்தான் வருகிறது. அதில் பெரும்பகுதி, குடும்பம் கவுண்டருக்கு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது என்பது உள்ளே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

முதலில் நேரம். ஒரு மணி நேர டிக்கெட் என்றால் 60 நிமிடமும் விளையாட்டு என்றுதான் பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். பல இடங்களில் கடிகாரம் ஓடத் தொடங்குவது கைப்பட்டை அச்சாகும் நொடியில். அதற்கப்புறம்தான் பெற்றோர் கையெழுத்துப் போடும் படிவம், வழுக்காத கிரிப் சாக்ஸ் வாங்குவது, செருப்பை ரேக்கில் வைப்பது, பையை லாக்கரில் போடுவது எல்லாம். ஞாயிறு மாலையில் இதற்கே பத்து நிமிடம் போகும். பாதியில் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்துவிட்டால் கழிப்பறை கூடத்துக்குள் இருக்காது, மாலின் மறுகோடியில் இருக்கும். சாக்ஸைக் கழற்றி, செருப்பை மாட்டி, போய்வந்து, மறுபடி சாக்ஸ் போட இன்னொரு பத்து. கடைசி ஐந்து நிமிடத்தில் மைக்கில் பட்டை நிறத்தைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். மிஞ்சுவது 35 நிமிடம். கழிப்பறைக்குப் போய்வந்து, அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸை வீட்டிலிருந்தே எடுத்துவந்து, படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு “இப்ப கைப்பட்டை போடுங்க தம்பி” என்று சொல்லும் பெற்றோர் அபூர்வம். சொன்னால் கவுண்டரில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது கூட்டம். உள்ளே இருக்கும் தலைகளின் எண்ணிக்கை என்பது, மணிக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதை அவர்கள் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 60 பிள்ளைகள் வந்து ஒரு மணி நேரம் இருந்தால் உள்ளே 60. கூப்பிட்ட பிறகும் கால் மணி நேரம் இழுத்தடித்தால் 75. “ஒன்றரை மணி நேரக் காசுக்கு இரண்டு மணி நேரம்” என்று வார இறுதிச் சலுகை போட்டுவிட்டால், அதே 60 பேர் வந்தாலும் உள்ளே 120. டிக்கெட் எண்ணிக்கை ஏறவே இல்லையே, எப்படி நெரிசல் ஆகும் என்று அலுவலகத்தில் இருப்பவர் கேட்பார். சறுக்கின் படியில் நிற்கும் ஊழியருக்கு அந்தச் சந்தேகம் வராது. ஒரு பிள்ளை மேலே உட்கார்ந்து, தயங்கி, வழுக்கி, எழுந்து விலக 20 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு சறுக்கு மணிக்கு 180 தடவைதான் ஓடும். சறுக்கு இரண்டு, பிள்ளைகள் 120 என்றால் ஆளுக்கு மணிக்கு மூன்று தடவை. அதிலும் துணிந்த பையன்கள் இடித்துக்கொண்டு பத்துத் தடவை போவார்கள். நான்கு வயதுக் குழந்தை ஒரு தடவையோடு சரி.

இதன்மேல் பிறந்தநாள் பார்ட்டி வேறு. கேக் வெட்டும் அறை தனி என்றாலும், விளையாட எல்லாரும் ஒரே சட்டத்துக்குள்தான் வந்தாக வேண்டும். ஒரே நேரத்தில் 25 பிள்ளைகள் புகுந்தால் சிறுகுழந்தைகளின் வேலிக்குள்ளும் பெரிய பையன்கள் தாவிவிடுவார்கள்.

“உள்ள ரொம்பக் கூட்டமா தம்பி?” என்று ஓர் அம்மா கேட்டால், “நார்மல்தான் மேடம், பசங்க ஜாலியா ஆடிட்டிருக்காங்க” என்றுதான் கவுண்டரில் பதில் வரும். அந்தத் தம்பிக்கு அன்றைய டார்கெட் இருக்கிறது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: “இப்ப எத்தனை கைப்பட்டை ஓடிட்டிருக்கு? அடுத்த ஒரு மணி நேரத்துல பார்ட்டி ஏதாவது புக் ஆகியிருக்கா?” எண் அவர் முன்னால் திரையிலேயே இருக்கும். கூட்டம் என்ற சொல்லை எப்படி வேண்டுமானாலும் மழுப்பலாம். எண்ணை மழுப்புவது கஷ்டம்.

வேலை நாளின் முற்பகலில் போனால் வரிசையே இருக்காது. ஆனால் அப்போது வேறொரு தொல்லை. ஆள் குறைவு என்று மின்சாரத்தைச் சேமிக்கப் பாதி இயந்திரங்களை அணைத்து வைத்திருப்பார்கள்.

வெளியே ஒட்டியிருக்கும் படம் பெரும்பாலும் கூடம் புதிதாக இருந்தபோது எடுத்தது. 2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களைக் காட்டிச் சாக்லேட் மாய உலகம் என்று 35 பவுண்டு வரை டிக்கெட் விற்றார்கள். போய்ப் பார்த்தால் ஏறக்குறைய காலிக் கிடங்கு. பிள்ளைகளுக்குக் கிடைத்தது கொஞ்சம் ஜெல்லி மிட்டாயும் எலுமிச்சைப் பானமும். போலீஸ் வரும் அளவுக்குச் சண்டையாகி, பாதியிலேயே மூடினார்கள். நம் மால்களில் அப்படி அப்பட்டமாக நடப்பதில்லை. படத்தில் உள்ளது எல்லாமே உள்ளே இருக்கும், ஓடாது, அவ்வளவுதான்.

ஏன் ஓடவில்லை என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. பந்து சுடும் பீரங்கி, ப்ளோயர் என்ற ஊதும் விசிறியின் காற்றில் இயங்குவது. காற்று இழுக்கும் வாயில் கழன்ற சாக்ஸோ ஹேர் கிளிப்போ போய் அடைத்துக்கொள்ளும், அல்லது பிள்ளைகள் தொங்கித் தொங்கிக் காற்றுக் குழாய், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கும் இடத்தில் கிழியும். மோட்டாரில் சுழலும் பொம்மைத் தென்னை மரத்தில் நாலு பேர் தொங்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் தொங்கினால் கியர் தேயும். புது கியர் வரும் வரைக்கும் சுவிட்சை அணைத்து, மரத்தை வெறும் கம்பமாக நிறுத்திவிடுவார்கள். தரையில் மீன் நீந்தும் புரொஜெக்டருக்கு எதிரி சாக்ஸிலிருந்து பறக்கும் பஞ்சு. ஃபில்டரில் அது படிந்தால் உள்ளே சூடேறித் தானாகவே நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றித் தட்டுவது ஐந்து நிமிட வேலை. ஏணி எடுத்துவர ஆள் இல்லை என்பதால் அது மாதக்கணக்கில் நடக்காது.

இனி பந்துத் தொட்டி. கூடத்தின் யோக்கியதையை ஒரே பார்வையில் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். 8 சென்டிமீட்டர் பந்து ஒன்றின் கன அளவு சுமார் 268 கன சென்டிமீட்டர். கொட்டிக் கிடக்கும் பந்துகளுக்கு நடுவே ஏறத்தாழ 40 சதவீதம் காற்றுதான். அப்படிப் பார்த்தால் ஒரு கன மீட்டரை நிரப்ப 2,240 பந்து வேண்டும். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் தொட்டியில் அரை மீட்டர் ஆழம் நிற்க 13,400 பந்து. செலவைக் குறைக்கிறேன் என்று 10,000-த்தோடு நிறுத்தினால் ஆழம் முதல் நாளே 37 சென்டிமீட்டர். அப்புறம் தேய்மானம் தொடங்கும். மெல்லிய பந்து பெரியவர் எடைக்குத் தாங்காது. பிள்ளையோடு செல்ஃபி எடுக்க அப்பா ஒருவர் மல்லாக்க விழுந்தால் அவர் முதுகுக்குக் கீழே இருந்தவை எல்லாம் அப்பளம். நசுங்கிய பந்து உருளாது. ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும், மட்டம் இன்னும் இறங்கும். நசுங்கியதைப் பொறுக்கி எடுத்தாலும் மட்டம் இறங்கும் என்பதால், எடுக்காமலே விட்டுவைப்பதும் உண்டு.

இதில் வெளியாட்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. சறுக்கு முடிகிற வாயில்தான் பந்து அதிகம் வேண்டும். அங்கேதான் எப்போதும் குறைவாக இருக்கும். வந்து விழும் ஒவ்வொரு பிள்ளையும் பந்துகளை முன்னும் பக்கமும் தள்ளிவிடுகிறது. தொட்டியின் மூலைகளில் இடுப்பளவு குவிந்திருக்க, விழும் இடத்தில் பாய் தெரியும். அரை மணிக்கு ஒருமுறை பிளாஸ்டிக் வாரியால் வாரி வாய்ப்பக்கம் தள்ள வேண்டும். அந்த வேலைக்கென்று ஆள் நிறுத்தாத கூடத்தில் மாலை ஆறு மணிக்குப் பிள்ளையின் பிட்டம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்கும். சறுக்கு வாய்க்கு நேரே கையை விட்டுப் பாருங்கள். விரல் தரையைத் தொடும்போது பந்து மட்டம் முழங்கைக்கு மேலே நின்றால் சரி. மணிக்கட்டிலேயே நின்றுவிட்டால் அந்தச் சறுக்கு வேண்டாம்.

சுத்தம் செய்வதும் பந்தின் எண்ணிக்கையோடு கட்டிப்போட்ட வேலைதான். வலைப் பைக்கு 300 பந்து என்றால் 13,400 பந்துக்கு 45 பை. அள்ளி, சோப்புத் தண்ணீரில் அலசி, கிருமிநாசினியில் நனைத்து, காயவைத்து, தொட்டியின் அடியைத் துடைத்துத் திரும்பக் கொட்ட, மூன்று நான்கு பேருக்கு ஓர் இரவு போய்விடும். அடியில் கிடைப்பது நாணயம், கொண்டை ஊசி, பிஸ்கட் தூள், பிளாஸ்திரி, சில நாள் டயபர். இந்த இரவு வேலைக்கு ஓவர்டைம் கொடுக்க மனமில்லாத இடங்களில்தான், மேலே புகை மாதிரி மருந்தடித்துவிட்டு “சானிடைஸ் செய்யப்பட்டது” என்று அட்டை மாட்டுகிறார்கள். புகை மேல் வரிசைக்குப் படும். கீழ் வரிசைக்கு எதுவும் படாது.

ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால் கைக்குப் போடும் ஆல்கஹால் சானிடைசரைத் தெளித்துத் துடைப்பது போதாது. வயிற்றுப்போக்கு, வாந்தி கொண்டுவரும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது. பிள்ளைகளை வெளியே எடுத்து, தொட்டியை மூடி, அழுக்கை அள்ளித் துடைத்த பிறகு, 5 சதவீத ஹைப்போகுளோரைட் ப்ளீச்சில் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டு அலச வேண்டும். அந்த அரை மணி நேரம் தொட்டியை மூடும் கூடத்தைத் திட்டாதீர்கள். சந்தேகப்பட வேண்டியது, மூடாமல் டிஷ்யூ பேப்பரோடு ஓடிவரும் கூடத்தை.

மற்ற காயங்களில் பெரும்பாலானவை சின்னவை. ஆனால் வீட்டுக்குப் போகும் மனநிலையைக் கெடுப்பவை. சுருள் சறுக்கில் முழங்கை உராய்ந்து எரியும். முழுக்கைச் சட்டை போட்டால் தீர்ந்தது. ஃபோம் உறையையும் வலையையும் குழாயோடு கட்டியிருக்கும் கேபிள் டை என்ற பிளாஸ்டிக் கட்டின் வெட்டிய முனை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடு மாதிரிக் கீறும். கட்டுகிறவர் முனையை உட்பக்கம் திருப்பி, தலையோடு ஒட்ட வெட்ட வேண்டும். வாசலில் நிற்கும் தூணைச் சுற்றி உள்ளங்கையை மெதுவாக ஓட்டினாலே அங்கே பராமரிப்பு எப்படி என்று தெரிந்துவிடும். வலை கிழிந்த இடம் இன்னும் மோசம். 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட திறப்பில் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளலாம். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் இந்த இடைவெளியைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். டிராம்போலினில் ஒரு சதுரத்துக்கு ஒருவர் என்ற விதி ஒழுங்குக்காக மட்டும் போட்டதல்ல. கனமானவர் இறங்கும் நொடியில் பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளை எதிர்பாராத வேகத்தில் தூக்கியெறியப்படும். காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைத்த பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் சறுக்கில் உருவாகும் நிலை மின்சாரம் கருவியில் பதிந்திருக்கும் செட்டிங்கைக் கெடுக்கலாம். வெளிப்பக்க ப்ராசஸரைக் கழற்றிப் பெற்றோர் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இதைக் கவுண்டரில் சொல்லப் பயிற்சி கொடுத்த இடம் மிகக் குறைவு.

இவை எல்லாம் ஏமாற்றத்தோடு போகும் விஷயங்கள். தீ அப்படியல்ல. 2024 மே 25-ம் தேதி, சனிக்கிழமை, குஜராத்தின் ராஜ்கோட்டில் டிஆர்பி கேம் ஸோன் என்ற விளையாட்டுக் கூடம் தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அன்று நுழைவுக் கட்டணம் 99 ரூபாய் என்று சலுகை. உள்ளே வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. ஃபோம், ரெக்சின், வலை, பிளாஸ்டிக் என்று கூடம் முழுக்க எரியும் பொருள். ஃபோம் எரியும் புகையே ஆளைச் சாய்த்துவிடும். மூன்று அடுக்குச் சட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வர, முட்டிபோட்டுத் தவழும் குழாய் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே இரண்டாவது கதவு எங்கே என்று பாருங்கள். பல இடங்களில் அதன் முன்னால் செருப்பு ரேக்கோ பார்ட்டி பலூன் சிலிண்டரோ நிற்கும். வேலை நேரத்தில் மேலே வெல்டிங்கோ கிரைண்டிங்கோ சத்தம் கேட்டால் டிக்கெட்டையும் காசையும் மறந்து வெளியே வந்துவிடுங்கள்.

காசைப் பற்றி: கவுண்டரில் தொங்கும் “பணம் திருப்பித் தரப்படாது” அட்டை சட்டத்துக்கு மேலானது இல்லை. குறைபாடுள்ள சேவைக்குப் பணம் திருப்பித் தர மறுப்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். வெறுமனே கூட்டம் அதிகம் என்று சொன்னால் எடுபடாது. விளம்பரப் படத்தில் இருப்பதில் எது ஓடவில்லை என்பதை மணியோடு படமெடுத்து, பில்லில் அச்சான நேரத்தையும் சேர்த்துக் காட்டினால் மேலாளர் பேச்சை மாற்றுவார். முழுப் பணம் அரிதாகத்தான் வரும். வேலை நாளில் பயன்படுத்த ஒரு மணி நேர இலவச பாஸ் எளிதாக வரும். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளையாட்டுக்குப் பணம் ஏற்றி வைக்கும் கேம் கார்டில் மிச்சம் கிடக்கும் பணத்துக்கும் இதே எண்தான். கார்டை ரீசார்ஜ் செய்யும்போதே குறைந்தபட்சத் தொகைக்கு மேல் போடாமல் இருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பும் மிச்சம்.