பதிவேட்டில் 64, கூண்டில் 95

விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் எங்கள் நெறிமுறைக் கமிட்டியின் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. அதுவரை எலி என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சலாக இருந்ததால் இதை எழுதவில்லை. ஆராய்ச்சிக்காகச் சின்னதாக ஒரு விஸ்டார் (ஆய்வக வெள்ளை எலி) காலனி வைத்து நாமே குட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், நான் மாட்டிக்கொண்ட இடங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஆறு ஆண், பன்னிரண்டு பெண் என்று ஆரம்பித்தோம். ஒவ்வொரு முறையும் வெளியில் வாங்கினால் நமக்கு வேண்டிய வயதில், வேண்டிய எடையில், வேண்டிய நாளில் கிடைக்காது, அதனால்தான் காலனி. பதிவு பெற்ற இடத்தில் வாங்கி, இரவோடு இரவாக வண்டியில் கொண்டுவந்தோம் (பகல் வெயிலில் கொண்டுவராதீர்கள், எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, எச்சிலை உடம்பில் தடவித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும்). ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்று சேர்த்தோம். 21 முதல் 23 நாளில் குட்டி. இதற்கெல்லாம் எலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தொல்லை எண்ணிக்கையில் தொடங்கியது. பிறந்தது எத்தனை, செத்தது எத்தனை, பிரித்தது எத்தனை என்று பதிவேட்டில் எல்லாமே இருக்க வேண்டும். ஆனால் குட்டி போட்ட அன்றைக்கே கூட்டைக் கலைத்து எண்ணப் போனால், முதல் ஈற்றுத் தாய் மிரண்டு குட்டியைத் தின்றுவிடும். எனக்கு முதல் இரண்டு ஈற்றும் இப்படித்தான் போயின. ஒன்றில் பதினொன்று எண்ணி எழுதிவிட்டு நிம்மதியாகப் போனேன், மறுநாள் காலையில் நாலு. அப்புறம் அனிமல் ஹவுஸில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் வழி சொன்னார். தாய் தண்ணி பாட்டிலுக்கு எழுந்து போகும் நேரம் பார்த்துக் கூண்டின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து எண்ண வேண்டும், கை வைக்கக் கூடாது. அப்படியே குட்டியின் வயிற்றில் வெள்ளையாகப் பால் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம், தோல் அவ்வளவு மெல்லிசு. தொட்டு எண்ணுவது மூணு நாலு நாள் கழித்து, அதுவும் கையுறையில் அதே கூண்டில் பரப்பியிருக்கும் உமியைத் தேய்த்துக்கொண்டு.

உமி என்றதும் இன்னொன்று. ஒரு மூட்டை தூசியாக வந்துவிட்டது. இரண்டு நாளில் பல எலிகளுக்குக் கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பு. அக்கா ரத்தம் என்று பதறிவிட்டார். ரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில் வருகிற நிறமி. எலிக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நோயாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டினோம், அப்புறம் உமியைச் சலித்து, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமி நீக்கிப் போட்டோம். சரியாகிவிட்டது.

இப்போது தலைப்பில் உள்ள 64ஐ 95 ஆக்கிய 31 குட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

21ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கும்போதே ஆண், பெண் பார்த்துத் தனித்தனிக் கூண்டில் போட வேண்டும். சிறுநீர்த் துளைக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளி பெண்ணைவிட ஆணுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்றை மட்டும் தூக்கிப் பார்த்தால் குழம்பும். அண்ணன் தங்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாலைத் தூக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும், சாயங்காலம் ஏழு மணிக்கு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பிரித்தேன். ஒரே தாயின் ஐந்து குட்டி ஒரு கூண்டில், வெளியே 'பெண் – 5' என்று அட்டை. அதற்கடுத்து கோர்ஸ்வொர்க் தேர்வு, முடிந்த கையோடு எனக்குச் சிக்குன்குனியா, ஏழெட்டு வாரம் ஒழுங்காக அந்தப் பக்கம் போகவே இல்லை. திரும்பி வந்து மேல் தட்டிலிருந்து அந்தக் கூண்டை இறக்கினால் மூன்றுக்கு வயிறு பேரிக்காய் மாதிரி. நாலாவது சும்மா இருக்கிறது. ஐந்தாவது திரும்பி நின்றது, பின்னால் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே தலை சுற்றியது. ஐந்து வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டிய விஷயம்.

அக்காவிடம் கேட்டேன். "அந்தக் கூண்டுல ஒரு ஆம்பள இருக்கறது எனக்கு அப்பவே தெரியுமே கண்ணு, நீங்கதான் ஏதோ ஆராய்ச்சிக்கு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

என்ன சொல்ல. அவர் மேல் தப்பே இல்லை, அட்டையை எழுதியது நான்.

ஒன்பது, பதினொன்று, பதினொன்று. அனுமதி இருந்ததோ 64க்கு, அது தாய் தகப்பன் 18, பிரித்த குட்டி 46 என்று ஏற்கெனவே நிறைந்திருந்தது. சரி, வந்ததை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. அண்ணன் தங்கைக்குப் பிறந்தவை, ஒரே தாண்டலில் உள்ளினக் கலப்பு (நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்வது) 25 சதவீதம். ஒழுங்காக மாற்றி மாற்றிச் சேர்த்தாலே வெளியெலி சேர்க்காத என் அளவுக் காலனியில் தலைமுறைக்கு 3 சதவீதம் கூடும், அதையே குறைக்கத்தான் எந்த ஆண் எந்தக் குடும்பத்துப் பெண்ணோடு என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன்.

என் ஆய்வு வழிகாட்டி திட்டவில்லை, "கமிட்டிக்கு எழுது" என்றார், திட்டியிருந்தால் தேவலை. ஐ.ஏ.இ.சி. (அந்த நெறிமுறைக் கமிட்டிதான்) கூட்டம் நினைத்தபோது நடக்காது. விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் பிரதிநிதியாக வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும், அவருடைய தேதிதான் எல்லாருக்கும் தேதி. கடிதத்தை நேரில் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனேன். அவர் விடுப்பு. சரி, அலுவலகத்திலாவது கொடுத்துவிட்டு வரலாம் என்றால், எங்கள் கல்லூரி முத்திரை இல்லாத கடிதத்தை வாங்க மாட்டோம் என்றார்கள். முத்திரை வைக்க வேண்டிய எங்கள் குமாஸ்தாவிடம் கிளம்பும் முன் இரண்டு முறை கேட்டேன், "அதெல்லாம் வேண்டாம் மேடம்" என்று சொன்னவர் அவர்தான். தயவுசெய்து போகும் இடத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள், நம் அலுவலகத்தை நம்பிப் போகாதீர்கள்.

அந்தக் காத்திருப்பில் இன்னொரு கூத்து. நாள் கணக்குப் பார்த்துச் சேர்க்கத் தினமும் பெண் எலிகளின் யோனிச் செல்களை ஸ்லைடில் தடவி ஸ்மியர் எடுத்துக்கொண்டிருந்தேன். எலியின் சுழற்சி நாலைந்து நாள்தான், தினமும் பார்த்தால் ப்ரோஎஸ்ட்ரஸ் (சினைக்குத் தயாராகும் கட்டம்) எப்படியும் அகப்படும். எனக்கு அகப்படவே இல்லை. எட்டு ஸ்லைடு எடுத்தால் எட்டிலும் உட்கரு இல்லாத செதில் செதிலான செல்கள், மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. சாயத்தைச் சந்தேகப்பட்டேன், மைக்ராஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், தீவனத் தேதியைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு விடுதியிலிருந்து எதேச்சையாகப் பார்த்தால் எலி அறை ஜன்னல் இடுக்கில் வெளிச்சம். அடிக்கடி கரண்ட் போய் டைமர் பிசகுகிறது என்று, எலக்ட்ரீஷியன் டைமரையே தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்! எத்தனை வாரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் விளக்கெரிந்தால் பெண் எலி எஸ்ட்ரஸிலேயே (அந்தச் செதில் செல்கள் தெரியும் சினைப்பருவக் கட்டம்) மாட்டிக்கொள்ளும், வெள்ளை எலிக்கு விழித்திரையும் கெடும். பன்னிரண்டு மணி நேர இருட்டைத் திரும்பக் கொடுத்து, சுழற்சி ஒழுங்காகும்வரை மறுபடி காத்திருந்தேன். இப்போது வாரம் ஒருநாள் ராத்திரி நானே நடந்து போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒரு வழியாகக் கூட்டம் நடந்தது. அந்த 31 எந்தெந்தத் தேதியில் பிறந்தன, எப்போது தெரியவந்தது, ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டார்கள். பதிவேட்டில் என் கையெழுத்து ஒரே நாளில் எழுதியது போலத்தான் இருந்தது, காரணம், ஒரே நாளில்தான் எழுதியிருந்தேன். அப்போது அக்கா கதவோரம் நின்று ஒரு மாதக் காலண்டரை நீட்டினார். பாத்திரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. தேதிக் கட்டங்களில் பென்சிலால் கூண்டு எண், பக்கத்தில் கோடு கோடாகக் குட்டிக் கணக்கு, செத்ததற்குக் குறுக்குக் கோடு. ஒன்பது, பதினொன்று, பதினொன்று. என் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

குட்டிகளைப் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களின் கையாளும் பயிற்சிக்குக் கொடுக்க அனுமதித்தார்கள். இனி பிரிக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஐந்தாவது வாரம் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். காலண்டரைக் கோப்பில் சேர்க்கச் சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, அதில்தான் அவருடைய சீட்டுக் கணக்கும் இருக்கிறதாம். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.