கிறீன்விச்சும் நம் ஊர் ஓடாவிமாரும்

நம் பள்ளியில் புவியியல் படிப்பித்த மாஸ்டர் கிறீன்விச்சை ஏதோ பக்கத்து ஊர் போலச் சொல்வார். நெட்டாங்கு (தீர்க்கரேகை) பூச்சியம் லண்டனிலுள்ள அந்த இடத்தில்தான், நம் ஊர் வல்வெட்டித்துறை அதற்குக் கிழக்கே 80 பாகை. “பாகைக்கு 4 நிமிட நேர வித்தியாசம், பெருக்குங்கோ” என்பார். பின்வாங்கில் எங்களில் பலருக்குப் பேரன்மார் தண்டயல்மார், அதாவது பாய்க்கப்பல் தலைவர்கள். அவர்கள் பெருக்காமலே றங்கூன் போய் அரிசி ஏற்றி வந்தவர்கள் என்று ஒரு முணுமுணுப்பு எழும்.

லண்டனுக்கு வந்து பல வருடங்களின் பின்தான் கிறீன்விச்சிலுள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1937இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. கூட்டமெல்லாம் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் மேலங்கியைச் சுற்றித்தான். 1805இல் ட்ரபல்கர் போரில் அவர் போட்டிருந்தது, இடது தோளில் குண்டு துளைத்த ஓட்டையோடு இருக்கிறது. பார்த்தேன், சரி.

என்னை மறித்தது மேட்டிலுள்ள பழைய வானாய்வகம். ஜோன் ஹரிசனின் கடல் மணிக்கூடுகள் அங்கே இருக்கின்றன. கடலில் நெட்டாங்கு கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசென்று 1714இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அறிவித்தது. அதற்காக உழைத்த ஹரிசன், தச்சுத் தொழிலில் இருந்து வந்தவர். கப்பல் எப்படி ஆடினாலும் கிறீன்விச் நேரத்தைப் பிசகாமல் காட்டும் மணிக்கூடு ஒன்று கையில் இருந்தால், கடலில் உச்சிப்பொழுது எத்தனை நிமிடம் முந்துகிறது, பிந்துகிறது என்று பார்த்து இடத்தைச் சொல்லிவிடலாம். மாஸ்டரின் அதே 4 நிமிடக் கணக்கு! முதல் மூன்றும் பாரமான இயந்திரங்கள். 1759இல் முடித்த நான்காவது, பெரியதொரு சட்டைப்பை மணிக்கூடு மாதிரி.

அப்புறம் கட்டி சார்க். 1869இல் ஸ்கொட்லாந்தில் கட்டி, சீனத்துத் தேயிலை ஏற்றிய பாய்க்கப்பல். இப்போது அதை நிலத்திலிருந்து 3 மீற்றர் அளவில் தூக்கி நிறுத்தியிருப்பதால் அடியில் நடந்து திரியலாம். மேல்தளத்தைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. விலா எலும்பு போன்ற இரும்பு வங்குகளில் மரப்பலகை பொருத்தி, புழு துளைக்காமல் செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு அடித்திருக்கிறார்கள். கப்பலின் அடி முதுகெலும்பான ஏராவை அண்ணாந்து பார்த்தபோது, கப்பல் கட்டும் நம் ஊர் ஓடாவிமாரில் ஒருவர் பக்கத்தில் நின்றால் எத்தனை குறை சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று புதுப்பெயர். நம் ஊர் மாலுமிகள் அதைப் பாய்விரித்து ஓட்டிப்போய் 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரரில் சேர்த்தார்கள். பள்ளிப் பாடத்தில் இதில் ஒரு வரிகூட எங்களுக்கு வரவில்லை. வஸ்கொடகாமாவைத்தான் பாடமாக்கினோம்.

உங்கள் வீடுகளில் பழைய கப்பல் படமோ, பேரனின் திசையறி கருவியோ, ஓடாவியின் உளியோ கிடந்தால் படம் எடுத்து, யாருடையது என்றும் எழுதி, அடுத்த மலருக்கு அனுப்புங்கோ. பழைய இரும்புக்காரனுக்குப் போடுவதற்கு முதல்.