கொழுப்பு கொடுத்தால் மாடு சினை பிடிக்குமா?

கறவை மாடு வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டாக்டர், பைபாஸ் கொழுப்பு (பெருவயிற்றில் மாறாமல் கடந்துபோகும்படி செய்த தீவனக் கொழுப்பு) போட்டா மாடு சினை பிடிக்குமா?" ஒரே சொல்லில் விடை கூற இயலுவதில்லை, கொழுப்பு என்று பொதுவாகச் சொல்வதற்குள் அடங்கும் கொழுப்பு அமிலங்கள் கருமுட்டையிடம் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

நுண்ணோக்கியில் பசுவின் கருமுட்டை கறுத்துத் தெரியும். அதனுள் செறிந்திருக்கும் கொழுப்புத் துளிகளே அதற்குக் காரணம். முட்டையைச் சூழ்ந்துள்ள குமுலஸ் செல்கள், ஆய்வகத் தட்டில் 38.5 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 24 மணி நேரம் முதிரவிட்டால், பிரித்த பஞ்சுபோல் விரிந்து நிற்கும். விரியாமல் இறுகிக் கிடப்பதைப் பார்த்ததுமே அந்தத் தட்டின்மீது எனக்கு நம்பிக்கை போய்விடும்.

கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் பால் ஏறும் வேகத்துக்குத் தீனி எடுக்கும் அளவு ஏறாததால், மாடு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது. அவ்வாறு இரத்தத்தில் கலக்கும் கொழுப்பு அமிலங்கள் முட்டை மிதக்கும் திரவத்தையும் எட்டுகின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் லெராய் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றின் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தும், அந்த அளவில் பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள் முட்டையின் முதிர்ச்சியையும் கருவளர்ச்சியையும் குலைத்தன. ஓலெயிக் அமிலமோ காப்பாளன்: நெதர்லாந்தில் 2011-இல் வெளிவந்த ஆய்வின்படி, அது கூடவே இருந்தால் முட்டை அந்தக் கெடுதலான அமிலங்களையும் துளிகளாக்கிப் பத்திரமாகச் சேமித்துக்கொள்கிறது. ஆய்வகத் தட்டில் லினோலெயிக் அமிலம் குமுலஸ் விரிவதைத் தடுப்பதும், உரிய அளவில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் முதிர்ச்சிக்குத் துணைநிற்பதும் தெரியவந்துள்ளன.

அப்படியானால் ஆல்ஃபா லினோலெனிக் நிறைந்த ஆளி விதையைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இடையில், மாட்டு இரைப்பையின் முதல் அறையான பெருவயிறு இருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதன் பெரும்பகுதிக்கு ஹைட்ரஜன் ஏற்றி, நாம் தவிர்க்க நினைத்த ஸ்டியரிக் அமிலமாகவே மாற்றிவிடுகின்றன! இதைத் தவிர்க்கத்தான் கால்சியத்தோடு பிணைத்துப் பைபாஸ் கொழுப்பு செய்கிறார்கள். ஆனால் சந்தையில் பரவலாகக் கிடைப்பது பாமாயில் வழி வந்தது. அதில் பால்மிட்டிக்கும் ஓலெயிக்கும் மிகுதி. மாட்டுக்கு எரிசக்தி கூடும் என்பது உண்மை. முட்டைக்கு வேண்டிய ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

ஆகவே நான் முதலில் கேட்பது, "கன்னு போட்டு எத்தனை நாளாச்சு?" என்றுதான். அமெரிக்க ஆய்வாளர் பிரிட் 1992-இல் முன்வைத்த கருதுகோளின்படி, சினைப்பையில் முட்டை வளர்ந்து வெளிவர வாரக்கணக்கில் ஆகும். எழுபது நாள் என்று பதில் வந்தால், இன்று வெளியாகும் முட்டை, மாட்டின் விலா எலும்பு தெரியத் தொடங்கிய அந்த முதல் மாதத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒன்று.