அறுகம் குடாவில் அலை பிடிக்கக் கற்றது

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அறுகம் குடா. மே முதல் செப்டம்பர் வரை அங்கே பலகைமேல் அலையில் சறுக்கும் சர்ஃபிங் பருவம். தெற்கே வெகுதொலைவில் கிளம்பும் அலைகள் முனையைச் சுற்றி வளைந்து, வலப்பக்கமாக நீளமாக உடைந்துகொண்டே போகும். அந்த மாதங்களில் ஓடும் ஆட்டோக்களின் கூரைமேலெல்லாம் பலகைகள்தான்.

பேர்போன மெயின் பாயின்ட்டில் அடியில் பாறை இருக்கிறது, கூட்டமும் அதிகம். புதியவர்களுக்குக் குடாவின் உட்பக்கம் இருக்கும் பேபி பாயின்ட்தான் சரி. நானும் அங்கேதான் இறங்கினேன்.

கரையில் நிற்பவர்கள் எல்லோரும் பலகைமேல் எழுந்து நிற்கும் நொடியைத்தான் படம் எடுக்கிறார்கள். என் கண் அதற்கு முந்தைய சில நொடிகளிலேயே இருந்தது. உள்ளூர்ப் பையன்கள் பலகைமேல் படுத்தபடி, அவசரமே இல்லாமல் நாலைந்து முறை கையால் தண்ணீரை இழுக்கிறார்கள், அலை அவர்களை எடுத்துக்கொள்கிறது. அதே அலைக்கு மூச்சுமுட்டத் துழாவும் பலரை அது தாண்டிப் போய்விடுகிறது.

“தம்பி, அலையோட போட்டி போடாதீங்க. அது வாற நேரம் நீங்க ஓட்டத்துல இருந்தா போதும்” என்றார் சொல்லிக்கொடுத்தவர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதன் முழு அர்த்தமும் விளங்குகிறது. ஒரு மீட்டர் உயர அலை, சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அந்த ஆழத்தில் அலையின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கையால் துழாவி அந்த வேகத்தை எட்டவே முடியாது. மிச்ச வேகத்தைத் தருவது அலையின் சரிவு. பலகை அந்தச் சரிவில் இறங்கத் தொடங்குவதற்கான முதல் ஓட்டத்தை மட்டும் கைகள் கொடுத்தால் போதும்.

அதனால்தான் படுக்கும் இடம் இவ்வளவு முக்கியமாகிறது. ரொம்ப முன்னால் படுத்தால் சரிவில் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்திவிடும். பின்னால் போனால் வால் அமிழ்ந்து பிரேக் போட்டதுபோல் இழுக்கும். மூக்கு நீர்மட்டத்துக்குச் சில விரற்கடை மேலே இருக்க வேண்டும், கால்கள் சேர்ந்திருக்க வேண்டும், நெஞ்சு லேசாக உயர்ந்திருக்க வேண்டும். கையை முன்னால் நன்றாக நீட்டி, விரல்நுனி முதலில் நுழையும்படி இறக்கி, முழங்கையை மடித்து, பலகையின் ஓரத்தை ஒட்டி இடுப்புவரை ஆழமாக இழுக்க வேண்டும். மேலோட்டமாகப் படபடவென்று அடித்தால் நுரைதான் வரும்.

அப்புறம் நேரம். அலை வரும் முன்பே, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி, நீளமாக நிதானமாகத் தொடங்கி, அது நெருங்க நெருங்க வேகம் கூட்ட வேண்டும். வால் உயர்வது உடம்பில் தெரியும். அந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிட்டு எழப் பார்க்கிறார்கள். அப்போது மோவாயைத் தாழ்த்தி எடையை முன்னால் கொடுத்து, இன்னும் இரண்டு இழுப்பு பலமாக இழுக்க வேண்டும். பலகை தானே வழுக்கத் தொடங்கும். எனக்கு முதல்முறை அப்படி வழுக்கியபோது எழுந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்! படுத்தபடியே கரைவரை வந்தேன்.

போகிறவர்கள் எட்டு, ஒன்பது அடி மென்பலகையாக (மேற்புறம் மெத்தென்று இருக்கும் பலகை) கேட்டு வாங்குங்கள். அது நன்றாக மிதக்கும், குறைந்த இழுப்பிலேயே ஓடும். காற்று எழும் முன் அதிகாலையில் இறங்குங்கள். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவர் துழாவத் தொடங்கிவிட்டால் நீங்கள் விலகி, அடுத்த அலைக்குத் திரும்புங்கள்.